மருத்துவர் இல்லாத ஊருக்குப் போக நினைக்கும் மருத்துவ மாணவருக்கு: அமெரிக்க சேவை உதவித்தொகைகள், படிப்படியாக

அமெரிக்காவில் கடன் வாங்கி மருத்துவம் படிக்கிறவர்களில் பாதிப் பேர், படிப்பை முடிக்கும்போது 2 லட்சம் டாலரோ அதற்கு மேலோ கடனோடு வெளியே வருகிறார்கள். 2025-இல் வந்த சட்டம் இதை இன்னும் இறுக்கிவிட்டது. 2026 ஜூலை 1 முதல், புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு ‘கிராட் பிளஸ்’ என்ற அரசுக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அரசு தரும் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர், அவ்வளவுதான். பல தனியார் மருத்துவக் கல்லூரிகளில் ஒரு வருடக் கல்விக் கட்டணமே இந்த 50,000-ஐத் தாண்டும்.

அதனால் பொங்கல் விழாவிலோ யாராவது வீட்டு விருந்திலோ, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “ஸ்காலர்ஷிப் ஏதாவது இருக்கா?” நான் ஒரு சிறு நகரத்தில், சமூக சுகாதார மையத்தில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். சேவை ஒப்பந்தத்தோடு வந்த உதவித்தொகையில்தான் நானும் படித்தேன். இருக்கிறது என்றுதான் பதில் சொல்வேன். ஆனால் அந்தப் பணத்தைத் தேடுகிற வரிசை ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் விண்ணப்பத்திலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது ஓர் இடத்திலிருந்து, அங்கே இருக்கிற மனிதர்களிடமிருந்து.

முதலில், எந்த வகைப் பணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மருத்துவ வசதி எட்டாத மக்களுக்காக உழைக்கும் மாணவர்களுக்கு வரும் பணம் இரண்டு வகை. ஒன்று, படிப்புச் செலவைக் கொடுத்துவிட்டு, பிறகு இத்தனை வருடம் இன்ன மாதிரி ஊரில் வேலை செய்ய வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வது. இன்னொன்று, நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்ட வேலையைப் பார்த்துத் தருவது. முதல் வகையில் தொகை பெரிது, கட்டுப்பாடும் பெரிது. இரண்டாவதில் தொகை சிறிது, கட்டுப்பாடு கிடையாது.

முதல் வகையில் முக்கியமானது நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் என்ற அரசு அமைப்பின் உதவித்தொகை. கல்விக் கட்டணம், மற்றக் கட்டணங்கள், புத்தகம் முதலிய செலவு, மாதாமாதம் கைச்செலவுக்கு ஒரு தொகை, எல்லாம் வரும். இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறக்கட்டளை இறுதி ஆண்டுக்குப் போகும் மாணவர்களுக்குத் தரும் 10,000 டாலர் ‘ஃபிசிஷியன்ஸ் ஆஃப் டுமாரோ’ பரிசு. குடும்ப மருத்துவத்துக்குப் போகிறவர்களுக்கு பிசகானோ தலைமைத்துவ அறக்கட்டளை இருக்கிறது. அதை அமெரிக்கக் குடும்ப மருத்துவ வாரியம் 1990-இல் தொடங்கியது. ஒருவருக்கு 28,000 டாலர் வரை தருகிறார்கள்.

குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் தவறவிடக் கூடாதது பால் அண்ட் டெய்ஸி சோரோஸ் ஃபெல்லோஷிப். ஆண்டுக்கு 30 பேர், ஒருவருக்கு இரண்டு வருடத்தில் 90,000 டாலர் வரை. மருத்துவம் மட்டும் என்றில்லை, எல்லா மேற்படிப்புக்கும் உண்டு. வயது 30 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், மருத்துவப் படிப்பின் தொடக்க வருடங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது நாட்டின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 1998-இல் இதை வாங்கியவர்தான். இது சேவைக்கென்றே வைத்த பணம் இல்லை. ஆனாலும் நீங்களாக முன்வந்து எதைத் தொடங்கினீர்கள், எதை மாற்றினீர்கள் என்று பார்க்கிறார்கள். சேவை செய்த பிள்ளைகளுக்கு அங்கே சொல்ல நிறைய இருக்கும்.

அடுத்து, உங்களுக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள்

இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனால் இதைப் பார்க்காமல் வாரக்கணக்கில் உழைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

ஹெல்த் சர்வீஸ் கோர் உதவித்தொகைக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு போதாது. சோரோஸுக்கு கிரீன் கார்டு போதும். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக இந்த இரண்டுமே கிடைக்காது. அவர்கள் கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தரும் உதவியைத்தான் கேட்க வேண்டும்.

‘இந்தியன் ஹெல்த் சர்வீஸ்’ என்று ஒரு உதவித்தொகை இணையத்தில் தேடினால் மேலேயே வரும். பெயரைப் பார்த்து நம்மவர்கள் பலர் சந்தோஷப்பட்டு என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். அது அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கானது. அங்கீகரிக்கப்பட்ட பழங்குடியைச் சேர்ந்தவர்கள்தான் விண்ணப்பிக்க முடியும்.

அப்புறம், ‘மருத்துவத் துறையில் எண்ணிக்கை குறைந்த சமூகத்தினர்’ என்று குறிப்பிட்டுத் தரும் உதவிகளில் இந்திய வம்சாவளியினர் பொதுவாகச் சேர மாட்டார்கள். அது நியாயமும்கூட, மருத்துவர்களில் நம்மவர் எண்ணிக்கை குறைவில்லை. யார் என்று பார்க்காமல் என்ன செய்தார் என்று பார்க்கும் உதவிகளில் உங்கள் நேரத்தைச் செலவிடுங்கள்.

விண்ணப்பிக்கவே கட்டணம் கேட்கும் ‘ஸ்காலர்ஷிப்’ எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள்.

ஒப்பந்தத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

ஹெல்த் சர்வீஸ் கோர் ஒரு வருடம் பணம் தந்தால், நீங்கள் ஒரு வருடம் சேவை செய்ய வேண்டும். குறைந்தது இரண்டு வருடம், அதிகம் நான்கு வருடம். ஒரே ஒரு வருடத்துக்குப் பணம் வாங்கினாலும் சேவை இரண்டு வருடம்தான். சேவை என்றால் சம்பளம் இல்லாத வேலை இல்லை. அங்கீகாரம் பெற்ற ஒரு மருத்துவ மையத்தில் வாரம் 40 மணி நேரம், வருடத்துக்குக் குறைந்தது 45 வாரம், முழுநேர மருத்துவராக வேலை பார்ப்பீர்கள். அந்த மையம் உங்களுக்குச் சம்பளம் தரும்.

எந்தத் துறை என்பதும் ஒப்பந்தத்திலேயே அடங்கிவிடுகிறது. குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மகப்பேறு, மனநலம். இந்த வரிசைக்குள் ரெசிடென்சி, அதாவது பட்டம் வாங்கிய பிறகு செய்யும் துறைப் பயிற்சி, செய்ய வேண்டும். முதல் வருடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாம் வருடம் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனதும் மனம் அறுவை சிகிச்சை பக்கம் சாய்ந்துவிட்டால்? ஒப்பந்தத்தை மீறினால் அரசு கொடுத்த பணத்தைப் போல மூன்று மடங்கு, அதோடு வட்டி, ஒரே வருடத்துக்குள் கட்ட வேண்டும். நான்கு வருடத்துக்கு வாங்கிய தொகையை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். எந்த வங்கிக் கடனும் அந்த அளவுக்கு நெருக்காது.

வரி விஷயமும் உண்டு. கல்விக் கட்டணத்துக்கு வருமான வரி இல்லை. மாதாமாதம் கைக்கு வரும் தொகைக்கு வரி உண்டு.

எந்த ஊர் என்பதையும் நீங்கள் மட்டும் தீர்மானிக்க முடியாது. மருத்துவர் பற்றாக்குறைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில்தான் வேலை. அதை இங்கே எல்லோரும் ‘ஹிப்சா’ என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு ஹிப்சாவுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அடிப்படை மருத்துவத்துக்கு 0 முதல் 25 வரை. ஒரு மருத்துவருக்கு எத்தனை பேர், எத்தனை பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே, பச்சிளம் குழந்தைகளின் நலம் எப்படி, அடுத்த மருத்துவரிடம் போக எவ்வளவு நேரம் ஆகும், இவற்றை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். உதவித்தொகை வாங்கியவர்கள் மதிப்பெண் அதிகமுள்ள இடங்களுக்குத்தான் போக முடியும். அப்பா அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

பெற்றோர் இங்கேதான் தயங்குவார்கள். “இவ்வளவு படிச்சுட்டு அந்தப் பட்டிக்காட்டுல போய் என்னம்மா பண்ணுவ?” என்று என் அப்பாவும் கேட்டார். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த டாக்டரை அவருக்கு நினைவுபடுத்தினேன். ராத்திரி எந்நேரமானாலும் கதவைத் தட்டலாம் என்று இருந்த மனிதர் அவர். அதன் பிறகு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊரிலிருந்து ஜே-1 விசாவில் வந்து இங்கே ரெசிடென்சி முடித்த மருத்துவர்கள், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. அவர்களில் பலரும், அதிலிருந்து விலக்குப் பெறுவதற்காக ‘கான்ராட் 30’ திட்டத்தில் மூன்று வருடம் இப்படிப்பட்ட ஊர்களில் வேலை பார்த்தவர்கள்தான். ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 மருத்துவர்கள் அப்படி வரலாம். உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். கையெழுத்துப் போடும் முன் குடும்பத்தோடு அவரைப் போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடம் எப்படி, மளிகைக்கடை எவ்வளவு தூரம், துணைவருக்கு வேலை கிடைத்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

எந்தத் துறை என்று மனம் உறுதியாகாதவர்கள் முதல் வருடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

விண்ணப்பத்தில் ‘தலைமைப் பண்பு’ என்று படித்ததும் பிள்ளைகள் பதவிகளைத் தேடிப் போகிறார்கள். ஒரு சங்கத்துக்குத் தலைவர், இன்னொன்றுக்குப் பொருளாளர், கோடை விடுமுறையில் வேறொரு நாட்டில் இரண்டு வாரம் முகாம். தேர்வுக் குழுவினர் இப்படிப்பட்ட பட்டியல்களை நூற்றுக்கணக்கில் பார்த்தவர்கள். இரண்டு வருடம் ஒரே இடத்துக்குப் போய் வந்த பிள்ளையின் விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

இடத்தைத் தேடுவது கஷ்டமில்லை. பற்றாக்குறைப் பகுதிகளைக் காட்டும் வரைபடம் மத்திய சுகாதாரத் துறையின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. உங்கள் கல்லூரி முகவரியைப் போட்டுப் பாருங்கள். பெரிய நகரத்தின் நடுவிலேயே, பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு ஹிப்சா இருக்கும். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களே நடத்தும் ஃப்ரீ கிளினிக் உண்டு. ஏஹெக் என்று சொல்லப்படும் வட்டார சுகாதாரக் கல்வி மையங்களில் ‘ஏஹெக் ஸ்காலர்ஸ்’ என்று இரண்டு வருடப் பயிற்சி இருக்கிறது. வருடத்துக்கு 40 மணி நேரம் வகுப்பு, 40 மணி நேரம் களப்பணி. கிராமத்துப் பக்கம் ஈடுபாடு இருந்தால், மினசோட்டா பல்கலைக்கழகம் 1971 முதல் நடத்திவரும் திட்டம் மாதிரி, மூன்றாம் வருடத்தில் ஒன்பது மாதம் ஒரே சிற்றூரில் தங்கிப் படிக்கும் வாய்ப்பு உங்கள் கல்லூரியிலும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஓரளவு பழகிய பிறகு ஆல்பர்ட் ஷ்வைட்சர் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சிகாகோ, ஹூஸ்டன் போன்ற சில நகரங்களிலும் வட்டாரங்களிலும் நடக்கிறது. ஒரு சமூக அமைப்போடு சேர்ந்து ஒரு வருடத்தில் குறைந்தது 200 மணி நேரத் திட்டம் ஒன்றை நீங்களே வகுத்து நடத்த வேண்டும். பணம் அதிகம் இல்லை. ஆனால் பெரிய உதவித்தொகைகள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த ஒரு வருடத்தில் உங்களிடம் சேர்ந்துவிடும்.

கட்டுரை: ஒரு செருப்புப் பெட்டியின் கதை

நாகர்கோவில்காரர்களின் மகள் ஒருத்தி, இரண்டாம் வருட மாணவி, தன் கட்டுரையை எனக்கு அனுப்பினாள். சிறு வயதிலிருந்தே சேவையில் ஆர்வம் என்று தொடங்கியது. பாட்டியின் சர்க்கரை நோய் பற்றி ஒரு பத்தி. பிறகு ‘பின்தங்கிய மக்களுக்கு உதவ வேண்டும் என்ற தீராத வேட்கை’. படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“ஆன்ட்டி, எப்படி இருக்கு?”

“நல்லா எழுதியிருக்கம்மா. நீ அந்த கிளினிக்குக்குப் போக ஆரம்பிச்ச அப்புறம் அங்க என்ன மாறியிருக்கு, அதைச் சொல்லு.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “பெருசா ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. ஒரு டப்பா வெச்சேன்.”

அந்த டப்பாதான் விஷயம். அவள் போன இடம் ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஃப்ரீ கிளினிக். சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். யார் போனார்கள், யார் போகவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. இவள் ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து, எழுதிக் கொடுத்த ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் அட்டை போட ஆரம்பித்தாள். போய் வந்தவர்களின் அட்டை பின்னால் போகும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் முன்பக்கம்தான் நிறைந்திருந்தது. ஸ்பானிஷ் தெரிந்த தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். அக்கறை இல்லாமல் விட்டவர் யாருமில்லை. கண் மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அது வார நாட்களில் மட்டும்தான் திறந்திருக்கும். அரைநாள் லீவு போட்டால் அந்த நாள் கூலி போய்விடும். அவ்வளவுதான் காரணம். இவள் ஊரில் இருந்த ஒரு கண் பரிசோதகரிடம் போய்ப் பேசி, இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அவரையே அந்த அடித்தளத்துக்கு வரவைத்தாள்.

இதை எழுது என்றேன். பெட்டி, அட்டை, பஸ், கூலி, சனிக்கிழமை. பாட்டியைப் பற்றி வேறு இடத்தில் எழுதிக்கொள்ளலாம்.

நீங்கள் எழுத உட்காரும்போது இந்த நான்கு கேள்விக்கும் முதலில் ஒரு வெள்ளைத் தாளில் பதில் எழுதிப் பாருங்கள். அங்கே எது நடக்காமல் இருந்தது? ஏன் என்று யாரிடம் கேட்டீர்கள்? என்ன செய்தீர்கள், அதில் எது பலிக்கவில்லை? நீங்கள் போன பிறகு அதை யார் நடத்துகிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், கட்டுரையை நிறுத்திவிட்டு அந்த வேலையை முதலில் பாருங்கள். ஒரு ஜூனியருக்குச் சொல்லிக்கொடுங்கள், செய்முறையை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். தலைமைப் பண்பு என்று குழு தேடுவது இதைத்தான்.

நோயாளியின் பெயர், படம், அடையாளம் எதுவும் கட்டுரையில் வரக் கூடாது. ‘அவர்களுக்கு நான் வாழ்வளித்தேன்’ என்ற தொனியும் வேண்டாம். உங்களிடம் வந்தவர் பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றவர். அவருக்குத் தெரிந்த எத்தனையோ விஷயம் உங்களுக்குத் தெரியாது. அந்த மரியாதை எழுத்தில் இருக்க வேண்டும்.

கடிதமும் டீன் அலுவலகமும்

பரிந்துரைக் கடிதம் ஒன்று கல்லூரியிலிருந்து, ஒன்று வெளியிலிருந்து என்று பல இடங்களில் கேட்பார்கள். வெளியிலிருந்து வரும் கடிதத்துக்குப் பெரிய பெயர்களைத் தேடாதீர்கள். உங்களைச் சனிக்கிழமைதோறும் பார்த்த கிளினிக் மேலாளரோ நர்ஸோ எழுதுவதுதான் எடுபடும். அவர்களுக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இருக்காது, நேரமும் இருக்காது. ஆறு வாரம் முன்பே கேளுங்கள். நீங்கள் அங்கே செய்ததைத் தேதியோடு அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன் ஒருமுறை நினைவூட்டுங்கள்.

ஃபிசிஷியன்ஸ் ஆஃப் டுமாரோ போன்ற பரிசுகளுக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. கல்லூரிதான் பெயரை அனுப்ப வேண்டும். நல்ல வேலை செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும் பிள்ளைகள் இங்கேதான் விடுபட்டுப் போகிறார்கள். முதல் வருடமே டீன் அலுவலகத்துக்குப் போய், மாணவர் நலப் பிரிவில் யார் இந்தப் பெயர்களைத் தொகுக்கிறார்கள் என்று கேட்டு, அவரிடம் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். “இந்த கிளினிக்கில் இருக்கிறேன், பொருத்தமான பரிசு வந்தால் என்னை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தேதிகளைப் பொறுத்தவரை, சோரோஸ் அக்டோபர் கடைசியில் முடியும். ஹெல்த் சர்வீஸ் கோர் வசந்த காலத்தில் திறந்து சில வாரங்களில் மூடிவிடும். ஷ்வைட்சர் ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு வருடமும் அதிகாரப்பூர்வத் தளத்தில் அந்த வருடத்து வழிகாட்டிக் கையேட்டை இறக்கி முழுதாகப் படியுங்கள். சென்ற வருடம் வாங்கிய நண்பர் சொன்னார் என்று போகாதீர்கள்.

கிடைக்காவிட்டால்

மறுபடி விண்ணப்பியுங்கள். படிப்பில் இன்னும் வருடம் மீதி இருக்கும்வரை ஹெல்த் சர்வீஸ் கோர் உதவித்தொகைக்கு அடுத்த வருடமும் போடலாம்.

துறையை முடிவு செய்யாதவர்களுக்கு வழி இருக்கிறது என்றேனே, அது ‘ஸ்டூடண்ட்ஸ் டு சர்வீஸ்’. அதே அமைப்பு நடத்துவதுதான். இறுதி ஆண்டில் விண்ணப்பிக்கலாம். மூன்று வருடச் சேவைக்கு 1,20,000 டாலர் வரை கல்விக் கடனை அடைக்கிறார்கள். அதற்குள் நீங்கள் எல்லா வார்டும் சுற்றிப் பார்த்திருப்பீர்கள், எந்தத் துறை என்று தெரிந்திருக்கும். தவிர, பல மாநிலங்கள் தங்கள் கிராமப்புறங்களுக்கு வரும் மருத்துவர்களின் கடனை அடைக்கத் தனித் திட்டம் வைத்திருக்கின்றன. ரெசிடென்சி முடித்தபிறகும் அவற்றுக்குப் போகலாம்.

நாகர்கோவில் பெண்ணுக்கு முதல் முறை உதவித்தொகை கிடைக்கவில்லை. அழுதாள். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல கிளினிக்குக்குப் போனாள். அடுத்த வருடம் மறுபடி போட்டாள், கிடைத்தது. இப்போது குழந்தை மருத்துவத்தில் ரெசிடென்சி செய்கிறாள். போன மாதம் அந்த அடித்தளத்துக்குப் போயிருந்தேன். அட்டைகளில் வேறு யாருடைய கையெழுத்தோ இருந்தது. பெட்டி கிழிந்துபோய்விட்டதாம், புதிதாக ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி வைத்திருக்கிறார்கள்.